ஷீட்டு போட வந்தவர்

வண்டலூர் – வாலாஜாபாத் சாலையில் ஒரகடம் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், ரெண்டு பக்கமும் கண்ணுக்கெட்டிய தூரம் கூரைதான். நீலக் கூரை, வெள்ளைக் கூரை, ஒரு கிராமத்தையே உள்ளே விட்டு மூடிவிடலாம் என்கிற அளவுக்குக் கூரை. அதற்குள்ளே கார் செய்கிறார்கள், லாரி செய்கிறார்கள், புல்லட் செய்கிறார்கள். இத்தனை கூரையையும் யாராவது மேலே ஏறித்தானே போட்டிருக்க வேண்டும்? அந்த யாராவதில் ஒரே ஒருத்தர், ஸ்ரீபெரும்புதூரில் என் மொட்டை மாடிக்கு வந்து இருபதுக்குப் பன்னிரண்டு ஷெட்டுக்கு ஷீட்டு மாற்றித் தர மாட்டாரா என்று நான் அலைந்த அலைச்சலில், சொந்தமாக ஒரு கம்பெனியே ஆரம்பித்திருக்கலாம்.

போன் போட்டால் முதல் கேள்வி, “எத்தனை ஸ்கொயர் ஃபீட் சார்?”

“இருநூத்தி நாப்பது.”

“ஆயிரத்துல சொல்றீங்களா சார்?”

இல்லை, வெறும் இருநூத்தி நாப்பதுதான் என்பேன். எதிர்முனையில் டவர் போய்விடும்.

மொட்டை மாடியில் எதற்கு ஷெட்டு என்று கேட்பீர்கள். எங்கள் ஊரில் மாடியை மொட்டையாகவே விட்டுவைத்திருப்பவன் வெளியூர்க்காரன். டிப்ளமோ முடித்த கையோடு திருநெல்வேலியிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் ஒரு பையும் ஒரு பக்கெட்டுமாக வந்து இறங்குகிற கம்பெனிப் பையன்களுக்கு இடம் வேண்டும். நாலு சுவர் எழுப்பி மேலே ஷீட்டைப் போட்டுவிட்டால் மாதம் பிறந்ததும் வாடகை. ஷீட்டு இருக்கிற வரைக்கும்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் வந்தது. மணிக்கு 110, 120 கிலோமீட்டர் வேகத்தில் காற்று என்று வானிலை ஆய்வு மையம் சொன்னது. “என்னங்க, ஷீட்டு மேல ஏதாவது வெயிட்டு வைங்க” என்றாள் மனைவி. ஹாலோ பிளாக் வைத்தேன், பழைய டயர் வைத்தேன், மனசு கேட்காமல் ரெண்டு பையன்களைக் கூட்டிக்கொண்டு பாட்டி காலத்து ஆட்டுக்கல்லையும் ஏற்றி வைத்தேன். மத்தியானத்துக்குள் ஷீட்டுகள் பக்கத்து வீட்டுக்குக் குடிபோயின. ஆட்டுக்கல் எங்கும் போகவில்லை. நேர்கீழே இறங்கிக் கட்டில் நடுவில் உட்கார்ந்திருந்தது. கட்டிலுக்குச் சொந்தக்காரன் அப்போது கீழே எங்கள் வீட்டில் வெங்காய பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அதனால்தான் நான் இப்போது உங்களோடு பேசிக்கொண்டிருக்கிறேன்.

ஷீட்டைத் திருப்பிக் கேட்கப் போனேன். பக்கத்து வீட்டுக்காரர் அதற்குள் அதை ஆட்டுக் கொட்டகை மேலே போட்டு ஆணியும் அடித்திருந்தார். “தானா வந்த லட்சுமி சார், திருப்பி அனுப்பக் கூடாதும்பாங்க” என்றார். அந்தக் கொட்டகை இன்று வரைக்கும் ஒழுகியதில்லை.

அந்த அவசரத்தில் கிடைத்த ஆளை வைத்துக் கிடைத்த விலைக்குப் போட்ட ஷீட்டு, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பறக்கவில்லை, ஒழுகியது. பறந்திருந்தால்கூடத் தேவலை. பையன்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு எங்கள் ஹாலில் வந்து படுத்தார்கள். அதில் ஒருத்தன் ஒரு கார் கம்பெனியில் குவாலிட்டி பிரிவு. அவன் சும்மா படுக்கவில்லை. “சார், காத்து ஷீட்டை மேலேர்ந்து அமுக்கறதில்ல. மேல வேகமா ஓடறப்போ அழுத்தம் குறையும், ஷீட்டை மேல உறிஞ்சும். ஓரத்துலயும் மூலையிலயும் இழுப்பு ஜாஸ்தி. அங்க ஸ்க்ரூ நெருக்கமா இருக்கணும். வடகிழக்குக் காத்து அடிக்கிற பக்கமா பார்த்து ஷீட்டோட ஜாயின்ட் வாயைப் பொளந்துக்கிட்டு இருக்கக் கூடாது” என்று ராத்திரி பதினொரு மணிக்குப் பாடம் எடுத்தான். வாடகை கொடுக்கிறவன் பாடமும் எடுத்தால் கேட்டுக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

அடுத்த பாடம் ஃப்ளோரிடாவிலிருந்து வந்தது. மனைவியின் தம்பி அங்கே டாம்பாவில் இருக்கிறான். “மாமா, மொதல்ல லைசன்ஸ் இருக்கான்னு பாருங்க” என்று வாட்ஸப்பில் வந்தான். அவர்கள் ஊரில் 1992 ஆகஸ்டில் ஆண்ட்ரூ புயல் மயாமிக்குத் தெற்கே வீடு வீடாகக் கூரையைப் பிய்த்துப் போட்டதாம். அதற்கப்புறம் விதிகளை இறுக்கி, 2002-ல் மாநிலம் முழுக்க ஒரே கட்டட விதி என்று ஆக்கிவிட்டார்கள். கூரை போடுகிறவருக்கு அரசாங்க லைசன்ஸ். நம்பரை அரசாங்கத் தளத்தில் தட்டினால் ஆளின் ஜாதகமே வந்துவிடும். வேலைக்கு அனுமதி, முடிந்ததும் இன்ஸ்பெக்டர் வந்து பார்ப்பது எல்லாம் உண்டு. “புயல் அடிச்ச மறுநாள் வந்து கதவைத் தட்டறவனை நம்பிடாதீங்க மாமா” என்றான். அவனுக்கு என்ன தெரியும்? இங்கே புயல் அடித்த மறுநாள் நாம் போய்த் தட்டினாலும் அவர்கள் கதவு திறக்காது.

நம் ஊரில் வயரிங் செய்ய லைசன்ஸ் உண்டு, வீட்டுக்குப் பிளான் போடப் பதிவு பெற்ற இன்ஜினியர் உண்டு. மொட்டை மாடியில் ஷீட்டு போட வருகிறவரிடம் மட்டும் யாரும் எதுவும் கேட்பதில்லை. நான் கேட்டேன்.

ஹார்டுவேர் கடைக்காரர் அனுப்பி வைத்த ஆள் அவர். சாலையில் தெரிகிற கூரைகளை வரிசையாகக் காட்டி, “இது நாமதான் சார், அதுவும் நாமதான் சார்” என்று சொல்லிக்கொண்டே வந்தார். “லைசன்ஸ் இருக்கா?” என்றதும் கொஞ்சமும் தயங்காமல் பர்ஸைத் திறந்து நீட்டினார். டூ வீலர், கார், ரெண்டுக்கும் இருந்தது.

அது இல்லை, தொழிலுக்கு என்று விளக்கினேன். “அதுவும் இருக்கு சார்” என்று இன்னொரு அட்டையை எடுத்தார். தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியம், 1994-ல் ஏற்பட்டது, கொத்தனார் முதல் பெயின்டர் வரைக்கும் பதிந்துகொள்ளலாம், பிள்ளைகள் படிப்புக்கு உதவித்தொகை கிடைக்கும். எல்லாம் சரி. தொழில் என்ற இடத்தில் ‘கிணறு தோண்டுபவர்’ என்று போட்டிருந்தது.

“அப்போ அந்த வேலை பார்த்தேன் சார். அப்புறம் எல்லாரும் போர் போட ஆரம்பிச்சிட்டாங்க. கீழ போனவன் இப்ப மேல போறேன், அவ்ளோதான்.”

இவ்வளவு உண்மை பேசுகிறவரை எப்படி வேண்டாம் என்பது? இருந்தாலும் படித்தவன் என்று காட்டிக்கொள்ள வேண்டுமே. இந்தியத் தரக் குறியீடு ஐ.எஸ். 875, மூன்றாம் பகுதியைப் பிடித்துக்கொண்டேன். “சென்னைக்கு வினாடிக்கு ஐம்பது மீட்டர், அதாவது மணிக்கு நூத்தி எண்பது கிலோமீட்டர் காத்தைத் தாங்கற கணக்குல கட்டணும்னு போட்டிருக்கு.”

அவர் நிதானமாக வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டார். “அது சென்னைக்கு சார். நமக்கு காஞ்சிபுரம் மாவட்டம்.”

அட்வான்ஸ் கொடுத்தேன். பில் கேட்டேன். “பில்லு போட்டா பதினெட்டு பர்சென்ட் ஜிஎஸ்டி ஆகும் சார், உங்களுக்கு எதுக்கு வீண் செலவு?” என்று என் பணத்தின் மேல் என்னைவிட அக்கறையாகச் சொன்னார். பாயின்ட் ஃபைவ் எம்.எம். ஷீட்டு என்று பேசியிருந்தோம். வந்து இறங்கியதைக் குவாலிட்டிப் பையன் மைக்ரோமீட்டரால் பிடித்துப் பார்த்தான். பாயின்ட் ஃபோரைத் தாண்டவில்லை. “பெயின்ட்டோட சேர்த்துப் பாருங்க தம்பி” என்றார் இவர். பெயின்ட்டோட சேர்த்துத்தான் பார்த்தான். ஷீட்டு திரும்பிப் போய் வேறு ஷீட்டு வந்தது. அந்தக் கோபத்தில் அவரும் கொஞ்ச நாள் திரும்பி வரவில்லை.

வந்தபோது ரெண்டு ஒடிசாப் பையன்களோடு வந்தார். அவர்களுக்குத் தமிழ் வராது, எனக்கு ஹிந்தி வராது. ஓரத்தில் ஸ்க்ரூ நெருக்கமாக வர வேண்டும் என்பதை மாடியில் நின்று கையை விரித்துச் சுருக்கி நடித்துக் காட்டினேன். எதிர்வீட்டுப் பெண்மணி, “சாருக்கு உடம்பு சரியில்லையா?” என்று மனைவியிடம் விசாரித்தார். இது ராமானுஜர் பிறந்த ஊர். அவர் திருக்கோஷ்டியூரில் கோபுரத்து மேலே ஏறி, ரகசியமாக வைத்துக்கொள்ளச் சொன்ன மந்திரத்தை ஊருக்கே சொன்னவர். எங்கள் ஊரில் இப்போது மேலே ஏறுகிறவர்கள், எந்த இடத்தில் ஸ்க்ரூ போடாமல் விட்டார்கள் என்பதைக் கடைசி வரை யாரிடமும் சொல்வதில்லை.

வேலை முடிந்தது. மீதிப் பணத்துக்கு அவர் கையை நீட்டினார். “ஷவர் டெஸ்ட் பண்ணணும்” என்று குறுக்கே வந்தான் குவாலிட்டிப் பையன். அவர்கள் கம்பெனியில் லைனை விட்டு இறங்குகிற ஒவ்வொரு காரையும் தண்ணீர் பீய்ச்சி, உள்ளே சொட்டு இறங்குகிறதா என்று பார்த்துத்தான் வெளியே விடுவார்களாம். மோட்டாரைப் போட்டு ஹோஸைப் பிடித்தான். என் டேங்க், என் கரன்ட் பில், என் மனைவி துவைக்க வைத்திருந்த தண்ணீர். பத்து நிமிஷத்தில் வடக்கு மூலையில் ஊற்று கண்டது. அட்டையில் போட்டிருந்த தொழிலை அவர் மறக்கவில்லை என்று தெரிந்தது.

ஸ்க்ரூவை மெஷினில் வெறி வந்த மாதிரி முடுக்கியதில் ரப்பர் வாஷர் பிதுங்கிக் கிழிந்திருந்தது. இன்னொரு பக்கம் முடுக்காமலே விட்டதில் வாஷர் சும்மா சுற்றியது. ஒவ்வொன்றாகக் கழற்றி, வாஷர் மாற்றி, பதமாக முடுக்கினார்கள். மறுபடி ஹோஸ். பையன் கீழே வந்து, “ஓகே சார், பாஸ்” என்றான். நான் பணத்தை எண்ணிக் கொடுத்தேன். அந்த ஷெட்டுக்கு இன்ஸ்பெக்டர் அவன்தான். அந்த மாசம் வாடகை கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவனும் அதை நினைவுபடுத்தவில்லை.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்தது. வருகிறேன் வருகிறேன் என்று போக்குக் காட்டி, கடைசியில் கரைக்கு வந்தும் நகராமல் உட்கார்ந்துகொண்ட புயல். நான் டார்ச்சோடு படிக்கட்டில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தேன். ஷீட்டு ராத்திரி முழுக்க உறுமியது, ஆனால் இருந்தது. மேலே பையன்கள் குறட்டை விட்டுத் தூங்கினார்கள்.

விடிந்ததும் அவரிடமிருந்து போன். “சார், ஷீட்டு இருக்குதா?”

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஒரு கான்ட்ராக்டர் புயலுக்கு மறுநாள் தானாக போன் செய்து விசாரிக்கிறார்! ஃப்ளோரிடாவில் நடக்குமா இது? “கல்லு மாதிரி இருக்கு மேஸ்திரி” என்றேன்.

“அது இல்ல சார். மாடியில மூணு ஷீட்டு மிச்சம் வெச்சிட்டு வந்தேனே, அது இருக்குதா? மரக்காணம் பக்கம் நம்ம ஊர்ல வீட்டு மேல இருந்தது மொத்தமும் போயிடுச்சு சார்.”

யார் போட்ட ஷீட்டு என்ற கேள்வி வாய் வரை வந்தது, முழுங்கிவிட்டேன். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த மனைவி, “பாவம், பிள்ளைகுட்டிக்காரர், கொடுத்துடுங்க” என்றாள். கரண்டியோடு சமையலறைக்குத் திரும்பியவள் வாசற்படியில் நின்றாள். “பில்லு போட்டுக் கொடுங்க. பதினெட்டு பர்சென்ட்டோட.”