கான்செப்ட் கலைஞர்: ஒரு வகைமைக் குறிப்பு

தை மாதத்தை ஒட்டிச் சென்னையின் பூங்காக்களிலும் திடல்களிலும் நடைபெறும் வட்டாரக் கலைவிழாக்களில், பஞ்சுமிட்டாய்க் கடைக்கும் பறையாட்டக் குழுவினர் இளைப்பாறும் பந்தலுக்கும் இடைப்பட்ட மூலையில், தம் படைப்புக்கு முதுகையும் பார்வையாளருக்கு முகத்தையும் காட்டி நின்றுகொண்டு, யாரும் கேட்பதற்கு முன்பே விளக்கம் சொல்லத் தொடங்கிவிடும் இளைஞர் ‘கான்செப்ட் கலைஞர்’ என்னும் வகையைச் சேர்ந்தவர் ஆவார். கான்செப்ட் என்பது, ஒரு படைப்புக்குப் பின்னால் இருப்பதாகப் படைத்தவர் உறுதியளிப்பதும், பார்ப்பவர் நல்லெண்ணத்தின் பேரில் நம்பிவிடுவதுமான கருத்தாகும். ஓவியக் கல்லூரி உள்ள எல்லா ஊர்களிலும் காணப்படும் இவ்வகையினர், பெரும்பாலும் நான்காண்டுப் பட்டப்படிப்பின் இறுதியாண்டில் இருப்பர், அல்லது படிப்பு முடிந்த பின்னும் விடுதி அறையைக் காலி செய்யாதிருப்பர். பெண்பாலரும் இவ்வகையில் உண்டு. விளக்கத்தின் நீளத்தில் இருபாலருக்கும் வேறுபாடு இல்லை.

புறத்தோற்றத்தைக் கொண்டு இவரை அடையாளம் காண்பது எளிது. தோளில் ஜோல்னாப் பையும், உடலில் ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்த ஜிப்பாவும் இருக்கும்; அந்த ஜிப்பாவில் உள்ள வண்ணக் கறைகள் அவர் அண்மையில் தீட்டிய எந்த ஓவியத்தின் வண்ணத்தோடும் ஒத்துப்போவதில்லை. பையின் அடியில் ஒரு ஸ்கெட்ச் புத்தகம் கிடக்கும். அதை அவர் எவரிடமும் எடுத்துக் காட்டுவதில்லை.

இவருடைய வளர்ச்சி மூன்று பருவங்களைக் கொண்டது. முதற்பருவத்தில் அவர் ஓயாமல் வரைகிறார். ஓவிய மாணவர்கள் ‘அவுட்டோர்’ என்று குறிப்பிடும் வெளிப்புற வரைபயிற்சிக்காக எழும்பூர், சென்ட்ரல் ஆகிய ரயில் நிலையங்களுக்குச் சென்று, மூட்டைமேல் சாய்ந்து உறங்கும் பயணிகளையும் வண்டிக்காகக் காத்திருக்கும் சுமைதூக்குவோரையும் கரிக்கோலால் தீட்டிக் குவிக்கிறார். உறங்குபவர் அசையமாட்டார், கூலியும் கேட்கமாட்டார் என்பதால் மாணவருக்கு வாய்க்கும் மாடல்களில் அவரே தலைசிறந்தவர். இப்பருவத்தில் மாணவர் பேசுவது மிகக் குறைவு. வரைவது மிக அதிகம்.

இரண்டாம் பருவத்தில் இந்த விகிதம் மாறத் தொடங்குகிறது. நூலகத்திலோ மூத்த மாணவர் ஒருவர் வாயிலாகவோ, மார்செல் துஷாம் என்னும் பிரெஞ்சுக் கலைஞர் 1917-இல் நியூயார்க்கில் ஒரு கண்காட்சிக்குச் சிறுநீர்க் கோப்பை ஒன்றைக் கையொப்பமிட்டு அனுப்பிய செய்தி அவருக்குத் தெரியவருகிறது. செய்யாத பொருளும் தேர்ந்தெடுக்கப்பட்டால் கலையாகும் என்பதே அச்செய்கை எழுப்பிய வாதம் என்று ஆசிரியர் விளக்கும்போது, மறுநாள் சமர்ப்பிக்க வேண்டிய களிமண் சிற்பத்தை இன்னும் தொடங்கியிராத மாணவரின் உள்ளத்தில் அவ்வாதம் ஆழமாகப் பதிகிறது.

மூன்றாம் பருவம் கொச்சிப் பயணத்தோடு தொடங்குகிறது. 2012 முதல் ஃபோர்ட் கொச்சியின் பழைய பண்டகசாலைகளிலும் மாளிகைகளிலும் நடைபெற்றுவரும் கொச்சி-முசிறி பியனாலே என்னும் பன்னாட்டுக் கலைவிழாவுக்கு, முன்பதிவில்லாப் பெட்டியில் நின்றுகொண்டே சென்று திரும்பும் அவர், அதன்பின் சட்டமிட்ட ஓவியத்தைக் கண்டால் இரக்கத்தோடு புன்னகைக்கிறார். இனி அவர் செய்வது நிறுவல் கலை மட்டுமே. நிறுவல் கலை அல்லது இன்ஸ்டலேஷன் என்பது, பொருள்களை ஓரிடத்தில் ஒழுங்குபடுத்தி அந்த இடம் முழுவதையுமே படைப்பாக ஆக்கும் முறையாகும். வல்லவர் கையில் அது பார்ப்பவரை உலுக்கிவிடக் கூடியது. கான்செப்ட் கலைஞர் கையில் அது பெரும்பாலும் காயலான் கடையில் தொடங்குகிறது.

எடுத்துக்காட்டாக, நசுங்கிய எவர்சில்வர் டிபன் கேரியர்கள் முப்பதை, திங்கட்கிழமை திருப்பித் தருவதாகச் சொல்லி வாடகைக்கு எடுத்து, தூண்டில் நரம்பில் கட்டிச் சவுக்குக் கம்பத்திலிருந்து தொங்கவிட்ட ஒரு படைப்பைக் கொள்ளலாம். அதன் தலைப்பு ‘பசியின் நிலவியல் – 3’. ஒன்றும் இரண்டும் எங்கே என்று கேட்பவருக்கு, அவை மனத்தளவில் நிகழ்ந்தவை என்ற விடை கிடைக்கும். படைப்பைத் தொங்கவிட ஒரு பிற்பகல் போதுமானதாக இருந்தது; அதன் அருகில் ஒட்டப்படும் ‘ஸ்டேட்மென்ட்’ என்னும் கலைஞர் கூற்றை எழுத மூன்று வாரம் ஆயிற்று. வெளி, இருத்தல், கட்டுடைப்பு, உடலின் அரசியல் ஆகிய சொற்கள் ஒவ்வொன்றும் ஒருமுறையேனும் வந்தாக வேண்டும் என்பது எழுதப்படாத விதி. சென்னை ஓவிய இயக்கத்தின் முன்னோடியான கே.சி.எஸ். பணிக்கர், 1960-களில் தொடங்கிய ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையில், எவராலும் படிக்க முடியாத எழுத்துகளை ஓவியத்துக்கு உள்ளேயே தீட்டினார். கான்செப்ட் கலைஞர் அம்மரபைக் காத்து, எவராலும் படிக்க முடியாத எழுத்துகளை ஓவியத்துக்கு வெளியே ஒட்டுகிறார்.

விழா நாளில் இவருக்கு வாய்க்கும் பார்வையாளர் பல திறத்தினர். இளையோர் கேரியர்களுக்கு நடுவே முகத்தை நுழைத்துச் செல்ஃபி எடுத்துக்கொள்கின்றனர். ரிப்பன் வெட்ட வந்த பிரமுகர், “இதுல என்ன மெசேஜ்?” என்று கேட்டுவிட்டு, விடை வருவதற்குள் அடுத்த கடைக்கு நகர்ந்துவிடுகிறார். உண்மையான விமர்சனம் எதிர்பாராத திசையிலிருந்து வருகிறது. காய்கறிப் பையோடு வந்த நடுவயதுப் பெண்மணி ஒருவர், தொங்கும் கேரியர் ஒன்றைப் பிடித்து நிறுத்தி, கொக்கியைத் தளர்த்தி, மேலடுக்கைத் திருப்பிப் பார்த்து, “தம்பி, இது இந்தக் கேரியரோட மூடி இல்ல” என்கிறார். முப்பது கேரியர்களையும் தம் கையால் கட்டித் தொங்கவிட்ட கலைஞர் அதைக் கவனித்திருக்கவில்லை. ஆயினும் அவர் கலங்குவதில்லை. பார்வையாளர் தொட்டுப் பார்த்ததால் அது பங்கேற்புக் கலையாகவும் ஆகிவிட்டது என்று கூற்றின் கீழே பேனாவால் ஒரு வரி சேர்க்கிறார்.

இவருக்கு நேர் எதிரே கோலப் போட்டி நடைபெறுவது இவ்விழாக்களின் வழக்கம். சாக்பீஸால் அளந்து விட்ட கட்டத்துக்குள், குறித்த நேரத்துக்குள், விரலிடுக்கில் மாவை இழையவிட்டுச் சிக்குக் கோலத்தை ஒரே இழையில் முடித்துவிட்டு எழுகின்ற அம்மையாரிடம் சென்று, அழியக்கூடிய கலையின் தற்காலிகத்தன்மை குறித்து அவர் உரையாற்றுகிறார். அம்மையார் முழுவதையும் பொறுமையாகக் கேட்டு, “ஆமாப்பா, காலையில வாசல் தெளிச்சா போயிடும்” என்று ஒப்புக்கொண்டு, மாவுக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பரிசு அறிவிக்கும் மேடைப் பக்கம் போய்விடுகிறார்.

இவ்வளவும் இவருடைய வெளிவாழ்க்கை. மறைவாழ்க்கை ஒன்றும் உண்டு. முகூர்த்த நாள்களுக்கு முந்தைய இரவுகளில், திருமண மண்டபங்களின் பின்கட்டில், தெர்மாகோல் பலகையைச் சூடான கம்பியால் அறுத்து, வரவேற்பு மேடைக்கு யானையும் மயிலும் செதுக்குபவர் இவரே. அந்த யானையின் துதிக்கை மடிப்பும் காது நரம்பும் பார்ப்பவரை நின்று கவனிக்கச் செய்யும் அளவுக்குச் சிறப்பாக அமைந்திருக்கும். விடுதிக் கட்டணமும் காயலான் கடை வாடகையும் அந்த யானையின் முதுகில்தான் வருகின்றன. “பையன் சீக்கிரமே சினிமாவுல ஆர்ட் டைரக்டர் ஆயிடுவான்” என்று ஊரில் சொல்லிக்கொண்டிருக்கும் உறவினருக்கு யானையைப் பற்றித் தெரியும். கல்லூரி நண்பர்களுக்குத் தெரியாது. தெரிந்துவிடக் கூடாது என்பதில் அவர் மிகுந்த கவனம் கொண்டிருக்கிறார்.

இந்த வெட்கத்துக்கு வரலாற்றில் அடிப்படை இல்லை. எழும்பூரில் உள்ள அரசு கவின்கலைக் கல்லூரியே 1850-இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்னும் மருத்துவரால் தொழிற்கலைகளை வளர்க்கும் நோக்கோடு தொடங்கப்பட்ட பள்ளியிலிருந்து வளர்ந்ததாகும். பணிக்கரும் அவரைச் சூழ்ந்த இளைஞர்களும் 1966-இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை அமைத்தபோது, பாத்திக் துணிகளையும் பிற கைவினைப் பொருள்களையும் செய்து விற்றே அதற்குப் பணம் திரட்டினர். மெழுகிட்டுத் துணிக்குச் சாயமேற்றும் பாத்திக் வேலை, அவர்கள் ஓவியர்களாக இருப்பதற்குத் தடையாக இருந்ததில்லை; மாறாக, ஓவியராகவே நீடிப்பதற்கான நிலத்தை அது வாங்கித் தந்தது.

எனவே கான்செப்ட் கலைஞரைப் போலி என்று தள்ளிவிடுவது பிழையான தீர்ப்பாகும். அவரிடம் கை உண்டு. கையை நம்பும் துணிவு மட்டுமே இன்னும் வரவில்லை. சுயவெளிப்பாடு என்று கூற்றில் பெயரிட்டு அவர் காட்சிக்கு வைப்பது கொச்சியிலிருந்தும் நியூயார்க்கிலிருந்தும் கடன் வாங்கிய சுயம். அவருடைய சொந்தச் சுயம் மண்டபத்து யானையிலும் ரயில் நிலைய ஸ்கெட்சுகளிலும் கையொப்பமின்றிக் கிடக்கிறது. ஆகவே அடுத்த கலைவிழாவில் இவரை எதிர்கொள்ள நேரும் அன்பர்கள், கூற்றைப் படித்துப் புரிந்ததுபோல் தலையசைக்க வேண்டாம். “தம்பி, பையில இருக்கற ஸ்கெட்ச் புத்தகத்தைக் காட்டுங்க” என்று கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். முதலில் மறுப்பார், இரண்டாம் முறை கேட்டால் தருவார்.