காலாபானி எஃப்.சி.

மரைன் ஹில் டீக்கடை பெஞ்சில் சாயங்காலம் உட்கார்ந்தால் இரண்டு விஷயம் நிச்சயம். கடல் காற்றில் டீ சீக்கிரம் ஆறிவிடும். யாராவது ஒருவர் சென்னையின் எஃப்.சி. கால்பந்து அணிக்கு ஆள் சேர்க்க ஆரம்பித்துவிடுவார். போன வாரம் ஆரம்பித்தவர் பக்கத்து வீட்டு அண்ணன்.

"தம்பி, நம்ம டீமுக்கு ஒரு ஃபுல்பேக் வேணும்டா. சின்னப் பையனா, குதிரை மாதிரி ஓடுறவனா, ஃபாரின்ல இருந்து பிடிச்சிட்டு வரணும்."

"அண்ணே, கடல் தாண்டி ஆள் பிடிச்சு டீம் கட்டுறதுல இந்த ஊரை அடிச்சுக்க ஆளே கிடையாது. கீழே பாருங்க" என்றேன். கீழே அபர்தீன் ஜெட்டி. எதிரே ராஸ் தீவு. அதற்கு இப்போது நேதாஜி பெயர். போர்ட் பிளேருக்கும் 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிவிட்டது. சீசன் நடுவே இத்தனை முறை ஜெர்சி மாற்றிய ஊர் வேறு இருக்காது.

கதைக்குப் போகுமுன் ஒரு விளக்கம். ஃபுல்பேக் வேலை, கூட்டுக் குடும்பத்து மூத்த மருமகள் வேலை. கோட்டோரமாக முன்னே ஓடிப்போய்ப் பந்தைப் பரிமாற வேண்டும். பந்து பறிபோனால் அதே வேகத்தில் திரும்பி வந்து வாசலைக் காக்க வேண்டும். முன்னே போனதை யாரும் கவனிக்கமாட்டார்கள். திரும்பி வரத் தாமதமானால் ஊரே திட்டும்.

இனி, எங்கள் ஊர் கிளப்பின், அதாவது காலாபானி என்ற கைதிக் குடியேற்றத்தின், முதல் சீசன். 1858 மார்ச் 10. மேனேஜர் டாக்டர் ஜே.பி. வாக்கர், முன் அனுபவம், ஆக்ரா சிறை. செமிராமிஸ் என்ற கப்பலில் 200 புதிய வீரர்களோடு வந்து இறங்கினார். எல்லோரும் முந்தைய வருடக் கலகத்தில் கும்பினியின் கோல் போஸ்ட்டையே பிடுங்கப் பார்த்தவர்கள் என்று குற்றம் சாட்டப்பட்டவர்கள். டிரான்ஸ்ஃபர் தொகை இல்லை. ஏஜென்ட் இல்லை. ஒப்பந்தக் காலம், பெரும்பாலும் ஆயுள். கிளப் தரும் உபகரணம், கணுக்காலில் ஓர் இரும்பு வளையம். இதையும் 'ஃப்ரீ டிரான்ஸ்ஃபர்' கணக்கில்தான் எழுத வேண்டும்.

ஒரு சின்னச் சிக்கல். மைதானத்தில் ஏற்கெனவே ஓர் அணி இருந்தது. ஆயிரக்கணக்கான வருடங்களாக உள்ளூரிலேயே ஆடிவந்த அந்தமான் பழங்குடியினர். அவர்களிடம் யாரும் கிரவுண்ட் கேட்கவில்லை. மரத்தை வெட்டிக் கோடு போட ஆரம்பித்துவிட்டார்கள்.

வீரர்களுக்கும் பயிற்சி முகாம் பிடிக்கவில்லை. காட்டைத் தாண்டிப் போனால் பர்மா, அங்கே ராஜா நம்மைப் படையில் சேர்த்துக்கொள்வார் என்று ஒரு வதந்தி. இது தீவு, நடந்தால் எந்தப் பக்கமும் கடல்தான் வரும் என்று சொல்ல ஆளில்லை. கூட்டம் கூட்டமாக ஓடினார்கள். பிடிபட்டவர்களில் 86 பேரை மேனேஜர் ஒரே நாளில் தூக்கிலிட்டார். இந்த இடத்தில் எனக்கும் சிரிப்பு வரவில்லை. கல்கத்தா தலைமையகமே முகம் சுளித்து, இனி இப்படிச் செய்யாதீர் என்று ஓலை அனுப்பியது.

இப்படி ஓடியவர்களில்தான் நம் ஃபுல்பேக் வருகிறார். கைதி எண் 276, தூத்நாத் திவாரி. 14-ஆம் வங்காள காலாட்படையில் சிப்பாய். ஜீலத்தில் தண்டனை பெற்றவர். 1858 ஏப்ரல் 6-இல் வந்து சேர்ந்தார். ஏப்ரல் 23-இல் ஓடிவிட்டார். பதினேழு நாளில் கிளப்பை விட்டுப் போனவர் என்ற சாதனையை இன்றைய ஏஜென்ட்கள்கூட அவ்வளவு சுலபமாக முறியடிக்க முடியாது.

கட்டை கட்டித் தண்ணீரைக் கடந்து, காட்டுக்குள் அலைந்த கூட்டத்தை உள்ளூர் அணி அம்பால் வரவேற்றது. திவாரிக்கும் காயம். ஆனால் கையெடுத்துக் கும்பிட்டவரை என்ன நினைத்தார்களோ, உயிரோடு விட்டார்கள். காயத்தில் செம்மண் பூசினார்கள். தலையை மழித்தார்கள். கொஞ்ச நாளில் லீபா, ஜிகா என்று இரண்டு பெண்களை மணமும் முடித்துவைத்தார்கள். பிராமண சிப்பாய், எதிரணியில் பதிவாகி, இரண்டு மாமனார்களோடு குடித்தனம். ஃபுல்பேக் முன்னே ஓடுவதை ஓவர்லாப் என்பார்கள். இத்தனை தூரம் ஓவர்லாப் போன ஃபுல்பேக் கால்பந்து வரலாற்றிலேயே கிடையாது.

1859 ஏப்ரலில் உள்ளூர் அணி தாக்க ஆரம்பித்தது. அதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். காலில் விலங்கு உள்ளவர்களை, எதிர்த்து வராதவரை, அவர்கள் தொடவில்லை. சிவப்புத் தலைப்பாகையும் பட்டையும் கட்டிய மேஸ்திரிகளைத்தான் தேடித் தேடி அடித்தார்கள். வீரர்களை விட்டுவிட்டு நடுவரை மட்டும் துரத்துகிற ரசிகர்களை நாமும் பார்த்திருக்கிறோம். பாடம் படிக்காதவர்கள் என்று கும்பினி எழுதிவைத்த ஜனத்துக்கு, யார் கைதி, யார் கங்காணி என்று தெளிவாகத் தெரிந்திருந்தது.

பெரிய ஆட்டத்துக்கு நாள் குறித்தார்கள். இங்கேதான் ஃபுல்பேக்குக்குத் தன் பழைய வேலை ஞாபகம் வந்தது. ஒரு வருடத்துக்கும் மேல் கழித்து, மே மாதத்தில் அபர்தீனுக்கு ஓடிவந்து, வாக்கரிடம் முழுத் திட்டத்தையும் ஒப்பித்தார். பிறகு தாக்குதல் வந்தது. வாக்கரின் அணி தயாராக இருந்தது. கடலில் நின்ற சார்லட் என்ற கப்பலிலிருந்து பீரங்கி. வில்லுக்கும் பீரங்கிக்கும் நடந்த ஆட்டத்தின் முடிவைச் சொல்ல வேண்டியதில்லை.

திவாரிக்கு மன்னிப்புக் கிடைத்தது. 1860-இல் மெயின்லேண்டுக்குத் திரும்பினார். வாக்கர் 1859 அக்டோபரிலேயே மாற்றப்பட்டார். முதல் சீசன் முடியுமுன் மேனேஜர் போவது அப்போதே வழக்கம். லீபாவும் ஜிகாவும் என்ன ஆனார்கள் என்று ஆட்டக் குறிப்பு எழுதியவர்கள் கவலைப்படவில்லை.

அண்ணன் டீயை வைத்துவிட்டுச் சொன்னார்: "திரும்பி வந்தான் சரி. எந்த கோலுக்குத் திரும்பி வந்தான் பாரு."

அதுதான் விஷயம்.

அடுத்த டிரான்ஸ்ஃபர், தலைகீழ். 1936. கல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங், 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து முறை லீக் வென்ற அணி. அதன் விங்கர் முகமது சலீம். வெறுங்காலோடு ஓடுகிற ஆள். பிரிட்டனில் குடியேறியிருந்த உறவினர் ஒருவர், சீன ஒலிம்பிக் அணியோடு நடந்த ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, ஆளைக் கப்பலேற்றிக் கொண்டுபோய்விட்டார். அங்கே செல்டிக் கிளப் மேனேஜர் வில்லி மேலியிடம் போய், ஒரு ஆளைப் பாருங்கள் என்றார். ஷூ இல்லாமல் ஆடுவான் என்பதையும் சொன்னார். மேலிக்குச் சிரிப்பு வந்ததாம். ஆட்டத்தைப் பார்த்த பிறகு சிரிப்பு நின்றது.

கால்ஸ்டன் அணியை 7-1 என்று செல்டிக் புரட்டிய ஆட்டத்தில் சலீமும் இருந்தார். ஜிம்மி மெக்மெனமி, முன்னாள் நட்சத்திரம், குனிந்து உட்கார்ந்து இவர் பாதத்துக்குக் கட்டுப்போடுகிற புகைப்படம் இன்றும் இருக்கிறது. ஒரு வெள்ளைக்காரர் ஓர் இந்தியரின் காலைப் பிடித்துக்கொண்டிருக்கிறார், 1936-இல். சாம்ராஜ்யம் ஆட்டம் காண்கிறது என்று காங்கிரஸ் மாநாட்டுத் தீர்மானத்தைவிடத் தெளிவாகச் சொன்ன ஆவணம் அது. பத்திரிகைக்காரர்கள் அவரை வித்தைக்காரர் என்று எழுதினார்கள். ஃபுல்பேக்கைத் தாண்டிப் போனவன் இந்தியன் என்றால் மாயம்தான் காரணம். உழைப்பாக இருக்க முடியாது.

சலீமுக்கு வீட்டு ஞாபகம் வந்துவிட்டது. சில மாதத்தில் கிளம்பிவிட்டார். நன்கொடை ஆட்டத்தில் தனக்கென ஒதுக்கிய பணத்தை அனாதைக் குழந்தைகளுக்கே கொடுக்கச் சொன்னார் என்பது குடும்பத்தார் சொல்லும் கதை. பின்னாளில் அவர் நோயில் விழுந்தபோது மகன் செல்டிக்குக் கடிதம் போட, 100 பவுண்டுக்கு வரைவோலை வந்தது. மகன் அதைப் பணமாக்கவில்லை, ஞாபகமாக வைத்துக்கொண்டார். 1980-இல் சலீம் காலமானார்.

ஆக, ஓடுகிற காலை நாம் அனுப்பினோம். பதிலுக்கு என்ன வாங்கினோம்?

2014-இல் ஐ.எஸ்.எல். என்ற இந்தியக் கால்பந்து லீக் வந்தது. பஞ்சை அனுப்பித் துணியை வாங்கிய பழைய வியாபாரம் மறுபடியும் தொடங்கியது. இந்தத் தடவை துணி கொஞ்சம் நைந்திருந்தது. சென்னைக்கு மிக்காயேல் சில்வெஸ்ட்ர், மான்செஸ்டர் யுனைடெட் புகழ், வயது 37. நார்த் ஈஸ்ட்டுக்கு 2010 உலகக் கோப்பை வென்ற ஸ்பெயினின் இடது ஃபுல்பேக் கப்தெவிலா, வயது 36. 2015-இல் டெல்லி டைனமோஸுக்கு ஜான் ஆர்னே ரீஸே, 35. அதே டெல்லிக்கு ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் ராபர்ட்டோ கார்லோஸ், 42. 1997-இல் பிரான்சுக்கு எதிராக வாழைப்பழம் மாதிரி வளைத்து ஃப்ரீகிக் அடித்த அதே கால்தான். வந்தது 18 வருடம் தாமதமாக. உலகத்தின் இடது ஃபுல்பேக்குகளுக்கெல்லாம் இந்தியா ஒரு முதியோர் இல்லம் திறந்தது போல இருந்தது.

முன்னே போவார்கள். திரும்பி வர ஆட்டோ பிடிக்க வேண்டும். டெல்லி டைனமோஸ் கிளப்பே 2019-இல் புவனேஸ்வருக்கு ஓவர்லாப் போய், ஒடிசா எஃப்.சி. என்று பெயர் வைத்துக்கொண்டு, இன்னும் திரும்பவில்லை.

நியாயமும் சொல்ல வேண்டும். 33 வயதில் சென்னைக்கு வந்த பெர்னார்ட் மெண்டி, இளமையில் பிரான்சில் வேகத்துக்குப் பெயர்போன வலது ஃபுல்பேக். 2015 டிசம்பர் 20-இல் கோவாவை அவர்கள் ஊரிலேயே 3-2 என்று வீழ்த்திக் கோப்பை வாங்கிய சென்னை அணியில் அவரும் இருந்தார். பழைய பாத்திரத்திலும் நல்ல சாம்பார் கொதிக்கும்.

"அதான் இப்போ சின்னப் பையனா பிடிக்கச் சொல்றேன்" என்றார் அண்ணன், விடாமல்.

நடக்காது. ஆரம்பத்தில் ஒரே நேரத்தில் ஆறு வெளிநாட்டவர் களத்தில் நிற்கலாம். 2017-இல் ஐந்தானது, 2021-இல் நான்கானது. நான்கு நாற்காலி இருந்தால் எந்த கிளப்பும் கோல் அடிக்க ஒருவர், நடுவில் ஆட்டத்தை நடத்த ஒருவர், பின்னால் சுவர் மாதிரி நிற்க ஒருவர் என்றுதான் பார்க்கும். மூத்த மருமகளுக்கு வழக்கம்போல நாற்காலி கிடையாது. அந்த வேலைக்கு உள்ளூர்ப் பையன்தான்.

அதனால் சென்னை கிளப்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடல் தாண்டித்தான் ஆள் வேண்டுமென்றால், நாங்களும் கடல் தாண்டித்தான் இருக்கிறோம். விமானத்தில் இரண்டு மணி நேரம் சொச்சம்; கப்பலில் மூன்று நாள். மரைன் ஹில் ஏற்றத்தில் பால் பாக்கெட்டோடு ஓடி ஏறி, மிச்சச் சில்லறையோடு ஓடி இறங்குகிற பையன்களை வந்து பாருங்கள். முன்னே போவதும் திரும்பி வருவதும் அவர்களுக்குத் தினசரி வேலை. 1858-இல் எங்கள் ஊருக்கு ஆள் பிடித்து வந்தவர்கள் காலுக்கு விலங்கு கொண்டுவந்தார்கள். நீங்கள் ஷூ கொண்டுவாருங்கள். திரும்பி வர டிக்கெட்டும் சேர்த்துப் போடுங்கள்.