பாலிஷ் போடாதீர்கள்!

வெறும் மரக்கட்டைக்குக் கோடிக்கணக்கில் விலையா? – திருநெல்வேலி வாசகர்

மரக்கட்டைதான், சந்தேகமே இல்லை. 1940 வாக்கில் கிட்டார் கலைஞர் லெஸ் பால் நியூயார்க்கில் எபிஃபோன் தொழிற்சாலைக்குள் உட்கார்ந்து, நாலங்குலப் பைன் கட்டை ஒன்றில் தந்தி கட்டி வாசித்துப் பார்த்தார். பார்க்கக் கிட்டார் மாதிரி இருக்கட்டும் என்று இரண்டு பக்கமும் ஒரு பழைய கிட்டாரின் பாதிகளை ஒட்டிக்கொண்டார். சத்தம் வந்தது கட்டையிலிருந்துதான்.

விலை வேறு கதை. 2019-ல் கிட்டார் கலைஞர் டேவிட் கில்மோரின் கறுப்பு ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் நியூயார்க் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 39.75 லட்சம் டாலருக்குப் போனது. அது கில்மோரின் கைக்குக் கிடைத்த விலை. லெஸ் பாலின் பெயர் தாங்கிய, பிரபலம் யாரும் தொடாத 1959 கிப்சன் லெஸ் பால் ஸ்டாண்டர்டும் சில லட்சம் டாலர் பெறுகிறது. அந்தச் செர்ரி சன்பர்ஸ்ட் நிறத்தில் 1958 முதல் 1960 வரை மட்டுமே செய்தார்கள். சரியாக விற்கவில்லை என்று கிப்சனே நிறுத்திவிட்டது. 1966-ல் ஜான் மேயாலின் இசைத்தட்டில் எரிக் கிளாப்டன் அதை ஒரு மார்ஷல் ஆம்பில் செருகி வாசித்தார். அதன்பின் ஊரே தேட ஆரம்பித்தது. தேடியபோது புதிதாக வாங்கக் கடையில் இல்லை.

உள்ளே கூடு இல்லாத கிட்டார் எதற்கு? – கரூர் வாசகர்

ஆம்பின் சத்தத்தில் கூடும் சேர்ந்து அதிர்ந்து ஊளையிடும், அதனால்தான். கலிஃபோர்னியாவில் ஃபுல்லர்ட்டன் ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த லியோ ஃபெண்டர் கூட்டையே எடுத்துவிட்டார். பலகையை வெட்டி, அதில் நெக்கை நாலு ஸ்க்ரூ போட்டு முடுக்கினார். நெக் கெட்டால் கழற்றி வேறு மாட்டலாம். ரேடியோக்காரரின் மூளை! அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது என்பது கூடுதல் செய்தி.

1950-ல் வந்த அந்தக் கிட்டாருக்கு முதலில் பிராட்காஸ்டர் என்று பெயர். கிரெட்ஷ் நிறுவனம் ‘அது எங்கள் டிரம்ஸ் பெயர்’ என்று ஆட்சேபிக்க, லோகோவிலிருந்து அந்தச் சொல்லைக் கத்தரித்துவிட்டுச் சில மாதம் பெயரில்லாமலே விற்றார்கள். பிறகுதான் டெலிகாஸ்டர் ஆயிற்று. அந்தப் பெயரில்லாத சில மாதத்துக் கிட்டார்களுக்குச் சேகரிப்பாளர்கள் சொத்தையே எழுதிக்கொடுப்பார்கள்.

டொரண்டோவில் காலமான என் பெரியப்பா ஒரு ஸ்ட்ராட்டோகாஸ்டரை எனக்கு விட்டுச்சென்றிருக்கிறார். 1963 என்று சொல்வார். உண்மையா என்று எப்படிப் பார்ப்பது? – டொரண்டோ வாசகி

அவசரப்பட்டு ஸ்க்ரூ டிரைவரை எடுக்காதீர்கள். முதலில் எல்லாப் பக்கமும் நல்ல வெளிச்சத்தில் போட்டோ எடுத்து வையுங்கள். பிறகு பழைய ஃபெண்டர்களைத் திறந்து பழகிய ரிப்பேர்காரரிடம் போய், அவர் கழற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள். நீங்கள் பார்க்கவேண்டியவற்றைச் சொல்கிறேன்.

பின்பக்கத் தகட்டில் எல் என்ற எழுத்தும் ஐந்து இலக்கமும் இருந்தால் காலம் பொருந்துகிறது. ஆனால் அதை மட்டும் நம்பவேண்டாம். நாலு ஸ்க்ரூவைக் கழற்றினால் தகடு கையோடு வந்துவிடும், எந்தக் கிட்டாரிலும் மாட்டலாம். நெக்கைக் கழற்றினால் அதன் அடியில் மாதமும் ஆண்டும் மையால் குத்தியிருக்கும். கூடவே நெக்கின் அகலத்தைச் சொல்லும் ஓர் எழுத்து, பெரும்பாலும் பி. 1962-க்கு முன்னால் இதைப் பென்சிலால் எழுதுவார்கள்.

அடுத்து முன்பக்கத்துப் பிக்கார்டு. 1963 என்றால் அது செல்லுலாய்ட். வெள்ளையாகப் பிறந்து வெளிர்பச்சையாக மாறியிருக்கும், சுருங்கியும் இருக்கும். பதினோரு ஸ்க்ரூவையும் பொறுமையாக எடுக்கவேண்டும். திரும்ப மாட்டும்போது துளை அரை மில்லிமீட்டர் தள்ளி நின்றால் அழுத்தி முடுக்கக்கூடாது, விரிசல் விட்டுவிடும்.

அதைத் திருப்பிப் போட்டால் வால்யூம், டோனைத் திருகும் பாட்களின் முதுகில் எண் தெரியும். 304 6321 என்றிருந்தால் 304 என்பது ஸ்டாக்போல் என்ற கம்பெனி, 63 ஆண்டு, 21 அந்த ஆண்டின் வாரம். பாட் செய்யப்பட்ட தேதிக்கு முன்னால் கிட்டார் பிறந்திருக்க முடியாது. சில மாதம் கழித்துப் பிறந்திருக்கலாம். சால்டர் மங்கிய சாம்பலாக, ஒருமுறை மட்டும் உருகியதாக இருக்கவேண்டும். பளபளவென்று இருந்தால் யாரோ உள்ளே கைவைத்திருக்கிறார்கள்.

கடைசியாக, எனக்கு மிகப் பிடித்த சாட்சி. பிக்கார்டுக்கு அடியில் மரத்தில் சின்னச் சின்ன ஆணித் துளைகள் இருக்கும். பெயின்ட் அடித்துக் காயவைக்கும்போது பாடி தரையில் படாமல் நிற்க அடித்த ஆணிகள் அவை. பெயின்ட் காய்ந்தபிறகே ஆணியைப் பிடுங்கினார்கள். ஆகவே துளைக்குள் வெறும் மரம் தெரியவேண்டும். துளைக்குள் பெயின்ட் இறங்கியிருந்தாலோ, துளையே காணாமல் போயிருந்தாலோ, பிற்காலத்தில் மறுபடி பெயின்ட் அடித்த கிட்டார் அது.

எல்லாம் ஒத்துப்போனால் பெரியப்பா சொன்னது சரி. பெட்டிக்குள் கிடக்கும் பழைய ஸ்ட்ராப், பில், க்ரோம் மூடி எதையும் தூக்கி எறியாதீர்கள். பாலத்தை மூடும் அந்தக் க்ரோம் மூடி வாசிக்க இடைஞ்சல் என்று பலர் கழற்றிச் சிகரெட் சாம்பல் தட்டவே வைத்துக்கொண்டார்கள். இன்று அது தனியாகவே விலைபோகிறது.

என் பழைய கிட்டாரில் லாக்கர் மஞ்சளடித்து, குறுக்கே மெல்லிய வெடிப்புகள். நன்றாகப் பாலிஷ் போட்டுப் புதுப்பித்தால்? – ஈரோடு வாசகர்

போடாதீர்கள்! அது நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர். காலப்போக்கில் மஞ்சளாகும், இறுகும். குளிரில் லாக்கர் மரத்தைவிட அதிகம் சுருங்கப் பார்த்து, இழுபட்டு வெடிக்கும். அந்த வெடிப்புதான் அது அசல் என்பதற்கான கையெழுத்து. மறுபடி பெயின்ட் அடித்த பழைய கிட்டாருக்குச் சந்தையில் பொதுவாகப் பாதி விலைதான். உலர்ந்த பருத்தித் துணியால் துடையுங்கள், போதும். அயர்லாந்தின் ரோரி கலாகர் வாசித்த 1961 ஸ்ட்ராட்டில் பெயின்ட் பெரும்பாலும் உரிந்து மரம்தான் தெரிகிறது. அதை யாராவது ‘புதுப்பித்திருந்தால்’ என்று நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

கில்மோர் தன் கறுப்பு ஸ்ட்ராட்டில் நெக், பிக்கப் எல்லாம் மாற்றியிருக்கிறாரே. அவருக்கு ஒரு நியாயம், எங்களுக்கு ஒரு நியாயமா? – பெங்களூர் வாசகர்

நியாயம் ஒன்றுதான், காலம் வேறு. அவர் அதை 1970-ல் வாங்கியபோது அது கடையில் கிடைக்கும் சாதாரணச் சரக்கு. கிளாப்டனின் ‘பிளாக்கி’யும் மூன்று ஸ்ட்ராட்களின் உறுப்புகளைக் கோத்து உருவானதுதான். அவர்கள் குடைந்தது தங்கள் இசைக்காக. அந்த இசைதான் விலையாகத் திரும்பி வந்தது. இன்று நாம் குடைந்தால் எஞ்சியிருக்கும் கொஞ்சத்தில் ஒன்று குறையும். குடைந்துதான் தீரவேண்டும் என்றால் புதுக் கிட்டாரைக் குடையுங்கள், அதில் எனக்கு முழுச் சம்மதம்.

சன்பர்ஸ்ட் லெஸ் பால் சிலவற்றில் சிவப்பே இல்லையே, ஏன்? – நாகர்கோவில் வாசகர்

வெயில் தின்றுவிட்டது. அன்று போட்ட சிவப்புச் சாயம் வெளிச்சம் பட்டால் வெளுக்கும். ஜன்னலோரம், கடைக் கண்ணாடிக்குள் நின்றவை தேன் நிறமாகவும் எலுமிச்சை நிறமாகவும் மாறின. பெட்டிக்குள் கிடந்தவை சிவப்பாகவே இருக்கின்றன. பிக்கப்பைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் வளையத்தைத் தூக்கிப் பார்த்தால் பிறந்தபோதிருந்த சிவப்பு அப்படியே இருக்கும். இரண்டுக்கும் ரசிகர்கள் உண்டு. என் ஓட்டு வெளுத்ததற்கு. மேப்பிளின் வரிகள் அதில்தான் நன்றாகத் தெரியும்.

அந்த லெஸ் பால் பிக்கப்பின் அடியில் ‘பேட்டன்ட் விண்ணப்பித்துள்ளோம்’ என்று ஸ்டிக்கர் இருக்குமாமே. பிறகு பேட்டன்ட் கிடைத்ததா? – சேலம் வாசகர்

அந்தப் பிக்கப்பை வடிவமைத்த செத் லவருக்கு 1959-ல் கிடைத்தது. ஸ்டிக்கர் அதன் பிறகும் சில ஆண்டுகள் ஒட்டப்பட்டது. அப்புறம் எண் போட்ட ஸ்டிக்கர் வந்தது. அந்த எண்ணைத் தேடிப் போனால் பிக்கப் இருக்காது, லெஸ் பாலின் டெயில்பீஸ் பேட்டன்ட்தான் இருக்கும்!

கிப்சன் வாங்கும்போது முதலில் எங்கே பார்ப்பீர்கள்? – திருச்சி வாசகர்

ஹெட்ஸ்டாக்கின் பின்புறம், நெக்கோடு சேரும் இடத்தில். மஹோகனி நெக், ஹெட்ஸ்டாக் 17 டிகிரி பின்னால் சாய்ந்திருக்கும், போதாததற்கு ட்ரஸ் ராடுக்காக அங்கேயே குடைந்திருப்பார்கள். ஸ்டாண்டோடு சாய்ந்தால் உடைவது அங்கேதான். ஒட்டியது நன்றாக ஒட்டியிருந்தால் சத்தத்துக்குக் குறையில்லை, விலைக்குப் பெருங்குறை. வாசிக்க மட்டும் வேண்டுபவருக்கு அது நல்ல செய்தி.

என் 1960களின் ஸ்ட்ராட்டில் மூன்றாவது தந்தி மட்டும் ஏன் கத்துகிறது? – கோவை வாசகர்

பிக்கப்பைப் பக்கவாட்டில் பாருங்கள், ஆறு காந்தமும் ஒரே உயரத்தில் இருக்காது. அந்தக் காலத்தில் மூன்றாவது தந்தி கம்பி சுற்றியது, சத்தம் குறைவு. அதை எழுப்ப அதன் காந்தத்தை உயர்த்தி வைத்தார்கள். இன்று நாம் மாட்டுவது சுற்றில்லாத தந்தி, ஆகவே துள்ளுகிறது. காந்தத்தை விரலால் அழுத்தி இறக்கப் பார்க்காதீர்கள்! மெல்லிய காயில் கம்பி அதைச் சுற்றித்தான் ஓடுகிறது, அறுந்தால் பிக்கப் போச்சு. பிக்கப்பைக் கொஞ்சம் தாழ்த்துங்கள், அல்லது சுற்றிய தந்தியை மாட்டிப் பாருங்கள்.

1965-க்கு முந்தைய ஃபெண்டர்தான் ஃபெண்டர் என்கிறார்களே? – மதுரை வாசகர்

அந்த ஜனவரியில் லியோ கம்பெனியை 130 லட்சம் டாலருக்கு சிபிஎஸ் நிறுவனத்திடம் விற்றார். மறுநாள் காலையும் அதே தொழிலாளிகள்தான் வந்தார்கள், அதே டப்பாக்களிலிருந்து உறுப்புகளை எடுத்துத்தான் கோத்தார்கள். மாற்றம் மெதுவாக வந்தது. ஹெட்ஸ்டாக் பெரிதானது, தடித்த பாலியஸ்டர் பூச்சு வந்தது, 1971-ல் ஸ்ட்ராட்டின் நெக்குக்கு நாலு ஸ்க்ரூ மூன்றானது. ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் 1969 வுட்ஸ்டாக்கில் வாசித்த வெள்ளை ஸ்ட்ராட் 1968-ல் செய்தது. சேகரிப்பவர் தேதியைப் பார்க்கட்டும். வாசிப்பவர் 1966-ஐக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும்.

சென்னையில், கடற்கரைக்கு அருகில் இருக்கிறேன். பழைய கிட்டாரை எப்படி வைத்துக்கொள்வது? – பெசன்ட் நகர் வாசகர்

உப்புக் காற்று முதலில் தந்தியைப் பிடிக்கும், பிறகு பாலத்தின் சின்ன ஸ்க்ரூக்களை. வாசித்து முடித்ததும் வியர்வையைத் துடையுங்கள். ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதத்துக்குள் நின்றால் நல்லது. ஒரு சின்ன ஈரப்பத மீட்டர் வாங்கிப் பெட்டிக்குள் போடுங்கள். பகல் முழுக்கப் புழுக்கம், இரவு முழுக்க ஏசி என்ற அலைச்சல்தான் நெக்கை வளைக்கும். ரப்பர் பிடியுள்ள ஸ்டாண்டில் நிறுத்தவே கூடாது. ரப்பரும் வினைல் ஸ்ட்ராப்பும் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரை இளக்கித் தழும்பு போட்டுவிடும்.

அப்படியானால் பெட்டியில் பூட்டி வைத்துவிடலாமே? – அதே வாசகர்

வேண்டாம். பழைய செல்லுலாய்ட் பிக்கார்டு சிதையத் தொடங்கினால் மூடிய பெட்டிக்குள் அதன் ஆவி உலோகத்தை அரிக்கும். வாரம் சிலமுறை திறந்து வாசியுங்கள். வால்யூம், டோன் பாட்களும் ஸ்விட்சும் அசைந்துகொண்டிருந்தால்தான் கரகரப்பில்லாமல் இருக்கும். கிட்டார் கலைஞர் பீட்டர் கிரீனின் 1959 லெஸ் பால் அவரிடமிருந்து கேரி மூரிடம் போய், இன்று மெட்டாலிகாவின் கிர்க் ஹேமட்டிடம் இருக்கிறது. அவர் அதை மேடையிலேயே வாசிக்கிறார். ஒரு பிக்கப்பின் காந்தம் தலைகீழாக இருப்பதால் இரண்டையும் சேர்த்துப் போட்டால் மூக்கால் பாடும் தனிக்குரல் வரும். பூட்டி வைத்திருந்தால் இந்தத் தலைமுறை அதை நேரில் கேட்டிருக்க முடியுமா?

ஃப்ரெட் தேய்ந்துவிட்டது, மாற்றலாமா? – புதுச்சேரி வாசகர்

வாசிக்கிறீர்கள் என்றால் தாராளமாக. நல்ல கையிடம் கொடுங்கள். எதை மாற்றினாலும் கழற்றியதை ஒரு கவரில் போட்டுத் தேதி எழுதி வையுங்கள். பழைய ஸ்ட்ராட்களில் மூன்று நிலை ஸ்விட்சுதான் இருந்தது. இரண்டுக்கு நடுவில் நிறுத்தினால் புதுச் சத்தம் வருகிறது என்று வாசிப்பவர்கள் கண்டுபிடித்துப் பல்லாண்டு கழித்து, 1977-ல்தான் கம்பெனியே ஐந்து நிலை ஸ்விட்ச் வைத்தது. நடுவில் எத்தனையோ பேர் அசல் ஸ்விட்சைக் குப்பையில் போட்டுவிட்டார்கள்.

டொரண்டோவிலிருந்து அந்த ஸ்ட்ராட்டைச் சென்னைக்குக் கொண்டுவர முடியுமா? – முன்னே எழுதிய அதே வாசகி

முடியும், ஆனால் காகிதம் வேண்டும். 1963 என்றால் ஃப்ரெட்போர்டு பிரேசில் ரோஸ்வுட்டாக இருக்கும். அந்த மரம் 1992 முதல் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் மிகக் கடுமையான முதல் பட்டியலில் இருக்கிறது. தடைக்கு முன் செய்த கிட்டார் என்று கனடா அதிகாரிகளிடம் முன்கூட்டியே சான்றிதழ் வாங்குங்கள். இல்லாவிட்டால் சுங்கத்தில் பறிமுதல் வரை போகும். அந்த மரம் அரிதான பிறகு உலகத்துக் கிட்டார்காரர்கள் திரும்பியது நம் பக்கத்து ஈட்டி மரத்துக்கு. அதுவும் குறைந்துபோய், தமிழ்நாட்டில் 1994-ல் அதைக் காக்கத் தனிச் சட்டமே போட்டார்கள். உங்கள் கையில் இருக்கும் அந்தப் பலகைக்காக வேறு மரம் வெட்டத் தேவையில்லை, இதையும் கணக்கில் வையுங்கள்.

வீட்டை விற்காமல் ஒரு பழைய ஃபெண்டர் வாங்க வழி உண்டா? – தஞ்சை வாசகர்

உண்டு. மறுபடி பெயின்ட் அடித்த, ஃப்ரெட் மாற்றிய, ஆனால் பிக்கப்பும் நெக்கும் அசலாக இருக்கும் 1960களின் கிட்டாரைத் தேடுங்கள். சேகரிப்பவர் முகம் சுளித்துத் தள்ளிவைப்பார், விலை பாதியாகும். அதுவும் கூடுதல் என்றால் 1960களின் மஸ்டாங், டூயோ-சோனிக். மாணவர்களுக்கென்று செய்தவை, அதே தொழிற்சாலை, அதே லியோவின் வடிவமைப்பு. வாங்கியதும் எனக்கு எழுதுங்கள், வால்யூம் பாட்களின் முதுகில் என்ன எண் என்று முதலில் சொல்லுங்கள்.