வீடு திரும்பாத ‘டி’

1993 மே 5 அன்று அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் ‘குவாண்டம் லீப்’ தொடரின் கடைசி எபிசோட் முடிந்தபோது, டாக்டர் சாம் பெக்கெட் வீடு திரும்பவே இல்லை என்று திரையில் ஒரு வரி வந்தது. ஐந்து சீசன், 97 எபிசோட். அத்தனையிலும் அந்த மனிதர் காலம் விட்டுக் காலம் தாவி, பிறர் உடம்புக்குள் புகுந்து, அவர்கள் வாழ்க்கையில் நேர்ந்த பிழைகளைத் திருத்திக்கொண்டிருந்தார். அடுத்த தாவலில் வீடு வந்துவிடும் என்று அவரும் நம்பினார், பார்த்தவர்களும் நம்பினார்கள். பிழை திருத்தவே பிறந்த அந்த மனிதரின் பெயரைக் கடைசி வரியில் பிழையாக அச்சிட்டுவிட்டார்கள். பெக்கெட்டின் ஆங்கில எழுத்துக்கூட்டலில் இறுதியில் இரண்டு ‘டி’ வரவேண்டும். திரையில் ஒன்றுதான் இருந்தது.

விடுபட்ட அந்த ‘டி’யே இவ்வாய்வின் பொருள்.

சாதாரணப் பார்வையாளர் முடிவைப் பார்த்ததும் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துவிடுவார். ரசிகர் அவ்வாறல்லர். தொல்காப்பியர் வகுத்த எட்டு மெய்ப்பாடுகளில் அழுகை, வெகுளி, மருட்கை மூன்றும் அவருக்கு அன்றிரவே வந்து போய்விடும். மறுநாள் காலை அவர் உரையாசிரியராகக் கண்விழிக்கிறார். மூலநூலில் குறை இருக்க முடியாது, இருப்பதுபோல் தெரிந்தால் அது ஏடு பெயர்த்தவன் கைப்பிழை என்பது அவருடைய முதல் சூத்திரம். அதன்படி, ஒரு ‘டி’ குறைந்தால் வேறு பெயர். வேறு பெயர் என்றால் வேறு ஆள். ஆகவே வீடு திரும்பாதவர் யாரோ ஒருவர். நம் சாம் அன்றே வந்து சாப்பிட்டுவிட்டுத் தூங்கியும் இருப்பார் என்க.

இதை மறுப்போர் அதே எபிசோடைக் காட்டுவர். தோழர் ஆல் வியட்நாமில் சிறைப்பட்டிருக்க, அவர் இறந்துவிட்டதாக எண்ணி மறுமணம் செய்துகொண்டவர் மனைவி பெத். கடைசித் தாவலில் சாம் அந்தக் காலத்துக்கே போய், ஆல் உயிரோடு இருக்கிறார் என்று பெத்திடம் சொல்லிவிடுகிறார். ஆலுக்கும் பெத்துக்கும் நான்கு மகள்கள் என்கிறது திரை. தோழருக்குக் குடும்பமே கிடைத்தது. நாயகனுக்குப் பெயர்கூட முழுசாகக் கிடைக்கவில்லை. இந்த ஓரவஞ்சனைக்கு உரையாசிரியரிடம் பதில் இல்லை.

பிரிட்டன் ரசிகர்களின் நிலை இன்னும் கடுமையானது. 1981 டிசம்பர் 21, கிறிஸ்துமஸுக்கு நான்கு நாள் இருக்கையில், பிபிசி ‘பிளேக்ஸ் 7’ தொடரை முடித்தது. தலைப்பிலேயே பெயர் உள்ள பிளேக்கைத் துரோகி என்று தவறாக எண்ணி, கூட்டாளி ஏவான் சுட்டுவிடுகிறான். மற்றவர்கள் ஒவ்வொருவராகச் சாய்கிறார்கள். காவலர் சூழ்ந்து நிற்க, ஏவான் துப்பாக்கியை உயர்த்தி மெல்லச் சிரிக்கிறான். காட்சி மறைகிறது, வேட்டுச் சத்தம் மட்டும் கேட்கிறது. பண்டிகைக்கு முந்தைய வாரம் பிள்ளைகளுக்குக் காட்டுகிற கதையா இது?

இங்கேதான் உரைத்திறம் வெளிப்படுகிறது. பிளேக்கின் உடம்பில் ரத்தம் தெரிகிறது. அந்த வேடமேற்ற கேரத் தாமஸ், இனித் தன்னைத் திரும்ப அழைக்க வழியில்லாதபடி சாவு உறுதியாக இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டவர். மற்றவர்கள் மீது ரத்தம் இல்லை. ரத்தம் காணாவிடத்துச் சாவு துணியப்படாது. எனவே அவர்கள் மயங்கியே கிடக்கிறார்கள். நாற்பது ஆண்டுக்கு மேலாகியும் அவர்கள் எழுந்திருக்கவில்லை என்பது வேறு விஷயம்.

இடைச்செருகலுக்கு ஓர் உதாரணம் போதும். 2010 மே 23 அன்று அமெரிக்காவில் ‘லாஸ்ட்’ தொடர் முடிந்ததும், பெயர்ப்பட்டியல் ஓடும்போது கடற்கரையில் ஆளில்லாத விமானச் சிதைவுகளைக் காட்டினார்கள். பலரும், அப்படியானால் எல்லோரும் முதல் நாளே விபத்தில் இறந்துவிட்டார்களா என்று கொதித்தார்கள். விமானம் விழுந்த தீவில் நடந்ததெல்லாம் உண்மை என்று நாயகனின் தந்தை சற்றுமுன்தான் வாய்விட்டுச் சொல்லியிருந்தார். சிதைவுக் காட்சிகளோ, அடுத்து வரும் செய்திக்குமுன் ரசிகர்கள் சற்று ஆசுவாசப்படட்டும் என்று ஏபிசி நிறுவனம் சேர்த்தவை. கம்பராமாயணப் பதிப்புகளில் மிகைப்பாடல்களைப் பிரித்து அச்சிடுவதுபோல் இதையும் பிரித்துக் காட்டியிருந்தால் பல குடும்பங்களில் அன்றிரவு அமைதி நிலவியிருக்கும்.

பிற்சேர்க்கைக்கு ஜப்பானே முன்னோடி. 1996 மார்ச்சில் ‘நியான் ஜெனிசிஸ் எவாஞ்செலியன்’ என்ற அனிமேஷன் தொடர் முடிந்தபோது, பிரம்மாண்ட இயந்திரங்களின் போருக்குப் பதில் ஒரு சிறுவனின் மன ஓட்டமும், எல்லோரும் சுற்றி நின்று கைதட்டி வாழ்த்துவதுமே கிடைத்தன. ரசிகர்கள் வசை எழுதினார்கள். 1997-இல் இயக்குநர் ஹிதெயாகி அன்னோ திரைப்படமாக வேறு முடிவு தந்தபோது, அந்த வசைகளும் அதில் சில கணங்கள் மின்னி மறைந்தன. மூலத்தில் உரைகாரர்கள் நுழைந்த அரிய நிகழ்வு இது. பிறகும் 2007 முதல் 2021 வரை நான்கு படங்களில் அவர் அதே கதையை மறுபடி சொல்லி முடித்தார்.

சாமுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 2022-இல் ‘குவாண்டம் லீப்’ புது நாயகனுடன் மீண்டும் வந்தது. இரண்டு சீசனோடு 2024-இல் அதையும் நிறுத்திவிட்டார்கள். அதிலும் சாம் வீடு திரும்பவில்லை.