எல்லாம் சூடு

ஆம்பூரில் ஒருவர், பேரணாம்பட்டில் ஒருவர், மேல்விஷாரத்தில் தெருவுக்கு ஒருவர் என்று இவர் கிடைப்பார். டேனரியில் முப்பது வருஷம் மேஸ்திரியாக இருந்து ஓய்ந்தவர். தோளில் துண்டு; துண்டின் ஒரு முனையில் எப்போதும் ஈரம். கண்ணில் தண்ணீர் வழிந்தபடியே இருக்கும். கல்யாண வீட்டில், பெண்ணைப் பெற்றவர் இவர்தான் என்று வெளியூர்க்காரர்கள் கையைப் பிடித்துத் தேற்றுவார்கள். கடன் கேட்டு வந்த ஒருவர் இவர் முகத்தைப் பார்த்துவிட்டு, இருந்த ஐந்நூறை இவர் சட்டைப்பையில் வைத்துவிட்டுப் போனதாகவும் கேள்வி.

"இன்னா மேஸ்திரி, கண்ணுல தண்ணி வுடுது?"

"சூடுப்பா. வேலூர் வெயிலுக்கு வேற இன்னா ஆவும்?"

மே மாதத்தில் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும் ஊரில் இதை யார் மறுப்பது? விசாரணை அத்தோடு முடிந்தது. சனிக்கிழமை எண்ணெய்க் குளியல், ஊறவைத்த வெந்தயம், கண்மேல் நந்தியாவட்டை, பாய் வீட்டுச் சுர்மா. எல்லாம் பார்த்தாயிற்று. (சில சுர்மாக்களில் ஈயம் இருக்கும். அது எந்தச் சூட்டையும் தணிக்காது.) சுண்ணாம்புக் குழி, சல்ஃபைட், பஃபிங் தூள், ஃபினிஷிங் ஸ்ப்ரே என்று முப்பது வருஷம் கண் வாங்கிக்கொண்டது மட்டும் அவர் கணக்கில் வராது. சோறு போட்ட தொழிலைச் சந்தேகப்படலாமா? வெயிலைத் திட்டினால் முதலாளி கோபிக்க மாட்டார்.

தன் கண்ணோடு நிறுத்தினாலும் பரவாயில்லை. டீக்கடை பெஞ்சில் இலவச வைத்தியமும் உண்டு. ஷூ கம்பெனியில் நாளெல்லாம் ஊசியையே பார்த்து, இமைக்க மறந்து, சொல்யூஷன் வாடையில் தையல் போடும் பெண்ணுக்கு: "சூடும்மா, மோர் குடி." மூக்கோரம் வீங்கி, அழுத்தினால் சீழ் வரும் வாத்தியாருக்கும் அதே மோர். கண்ணீர் மூக்குக்குள் இறங்கும் குழாய் அடைத்து, அதன் பை சீழ் பிடித்திருக்கிறது. மருந்தும், பிறகு அநேகமாகப் புது வழி திறக்கும் ஆபரேஷனும் வேண்டும். இமை உள்பக்கம் மடங்கி, முடி கருவிழியை உரசும் பாட்டிக்குக் கூடுதலாக ஒரு இளநீர்.

பக்கத்து வீட்டு நாலு மாதக் குழந்தைக்கு ஒரு கண்ணில் மட்டும் தண்ணீர். "தாய்க்குச் சூடு, தானா போயிடும்" என்றார். தானாகவே போயிற்று! கண்ணீர்க் குழாயின் அடியில் பிறந்ததிலிருந்து திறக்காத மெல்லிய சவ்வு அது. பெரும்பாலும் ஒரு வயதுக்குள் திறந்துகொள்ளும். டாக்டர் காட்டித் தந்தபடி மூக்கோரம் நீவிவிட்டது குழந்தையின் அம்மா; பெயர் வாங்கியது மேஸ்திரி. அதே குழந்தை வெளிச்சத்தைக் கண்டு முகத்தைத் திருப்பி, கருவிழியும் பெரிதாகத் தெரிந்திருந்தால் அது கண் அழுத்த நோயாக இருக்கலாம். அதற்கு ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. மேஸ்திரியின் அகராதியில் அதற்கும் சூடு என்றே பெயர்.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குச் சிரிப்பு வராது. சுண்ணாம்புத் தண்ணீர் கண்ணில் தெறித்த பையனுக்கு, "வெளக்கெண்ணெய் வுடு" என்பார் இவர். சுண்ணாம்பு, அமிலத்தைவிட ஆழமாகக் கண்ணைத் தின்னும். பக்கத்துக் குழாயடியில் இமையை விரித்துப் பிடித்து அரை மணி நேரமாவது கழுவிவிட்டுத்தான் வண்டி ஏற வேண்டும். எண்ணெய் தேடும் நேரத்தில் பார்வை போய்விடும். கண்ணீரோடு வலி, சிவப்பு, மங்கல், வெளிச்சம் கூசுதல் இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் மோர் போதாது.

கடைசியில் மருமகள்தான், "வா மாமா, பிரியாணி வாங்கித் தரேன்" என்று பஸ் ஏற்றி வேலூர் ஆரணி ரோட்டில் இறக்கினாள். 1902-ல் ஐடா ஸ்கடர் தொடங்கிய ஷெல் மருத்துவமனை அங்கேதான்; இன்று சி.எம்.சி.யின் கண் பிரிவு. ஆம்பூர்க்காரரைப் பிரியாணிக்காக வேலூருக்கு அழைத்து வந்தார்கள் என்பதை அவர் இன்னும் மன்னிக்கவில்லை.

இமைக்கடியில் ஒரு காகிதத் துண்டைச் செருகி ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு, "கண் காய்ந்துபோயிருக்கிறது" என்றார் டாக்டர். மேஸ்திரி துண்டைப் பிழிந்து காட்டினார். "ஈரப்பசை நிற்கவில்லை. இமையோரத்து எண்ணெய் குறைந்ததால் சீக்கிரம் ஆவியாகிறது. உறுத்தல் தாங்காமல் கண் திடீரென்று கொட்டுகிறது" என்றார் டாக்டர்.

"நம்ம பாலாறு மாதிரியா? வருஷமெல்லாம் மணலு, வந்தா வெள்ளம்?"

"அதேதான்."

அன்று முதல் சட்டைப்பையில் சொட்டு மருந்து. திறந்து ஒரு மாதமானால் தூக்கிப் போடச் சொன்னதை மறந்தார். சொட்டு மருந்தை யாருக்கும் தரக் கூடாது என்றதைக் காதிலேயே வாங்கவில்லை. இப்போது பெஞ்சில் கண் கசக்குபவர் எல்லாருக்கும் "டிரை ஐ"தான். கண்கள் சிவந்து பீளை தள்ள வந்த பால்காரருக்கு, "தலைய அண்ணாந்துக்கோ நைனா" என்று தானே ஒரு சொட்டு விட்டார். துணிக்கடைக்காரருக்கு ஒன்று, டீ மாஸ்டருக்கு ஒன்று, அப்புறம் தனக்கும் ஒன்று.

மறுவாரம் அந்த பெஞ்சில் நாலு பேர், நாலு கறுப்புக் கண்ணாடி.

"இன்னா மேஸ்திரி, மெட்ராஸ் ஐயா?"

"சேச்சே. நாலு பேரும் ஒண்ணா எடுத்தோம், வெல கம்மி!"