125 நாள் வாழ்வாதாரம்

பெறுநர்: ஊரக வளர்ச்சி அமைச்சகம், புது தில்லி.
பொருள்: ஊர் திரும்பிய தொழிலாளர்களுக்கு வாழ்வாதாரம் உண்டாக்கியமைக்குப் பாராட்டு தெரிவித்தல் – தொடர்பாக.

கரீப் கல்யாண் ரோஜ்கார் அபியான் என்பது, 2020 ஊரடங்கில் வேலையிழந்து ஊர் திரும்பியோருக்காக ஒன்றிய அரசு கொண்டுவந்த 125 நாள் வேலைத் திட்டம். ஜூன் 20 அன்று, பீகாரின் ககாரியா மாவட்டத்துத் தெலிஹார் கிராமத்திலிருந்து தொடங்கப்பட்டது; பிரதமர் காணொலியில் தொடங்கிவைத்தார். நடந்தே ஊர் வந்தவர்களுக்கான திட்டத்துக்காகத் தில்லியிலிருந்து ஓரடிகூட எடுத்து வைக்க நேரவில்லை. சிக்கனம் என்றால் இது.

ஒதுக்கீடு 50,000 கோடி ரூபாய். தொகையைக் கண்டு மலைக்க வேண்டியதில்லை. 12 அமைச்சகங்களிலும் துறைகளிலும் முன்பே இருந்த திட்டங்களை ஒரு குடைக்கீழ் நிறுத்தினார்கள். குடை மட்டும் புதிது.

25,000 பேருக்கு மேல் திரும்பிய மாவட்டம் உள்ளே, மற்றவை வெளியே. 24,000 பேர் திரும்பிய மாவட்டத்தில் பசி எடுக்காது போலும். இப்படி 6 மாநிலங்களில் 116 மாவட்டங்கள் தேறின. பீகாரில் 32, ஒடிசாவில் 4, மேற்கு வங்கத்தில் ஒன்றுகூட இல்லை. அந்த மாநிலம் கணக்கு அனுப்பவில்லை என்பது விளக்கம். ஆட்கள் வந்துவிட்டார்கள், கணக்குதான் வரவில்லை.

வேலைகள் 25 வகை: பண்ணைக்குட்டை, கிணறு, மாட்டுக்கொட்டகை, ஆட்டுக்கொட்டகை, கோழிக்கொட்டகை, மண்புழு உரக்குழி, மரக்கன்று நடுதல், ஊராட்சிக் கட்டடம் என்று பட்டியல் நீளும். ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்தார் பல்லாண்டுகளாகச் சூரத்தின் விசைத்தறிகளில் உழைப்பவர்கள். ஒரே ஆள் பல தறிகளைக் கவனிப்பார். இழை அறுந்தால் சத்தத்திலேயே கண்டுபிடிப்பார். பட்டியலில் தறி இல்லை, மண்வெட்டி இருந்தது. அந்தக் குடைக்கீழ் இருந்த 100 நாள் வேலைத் திட்டத்தில் ஒடிசாவுக்கு அந்த ஆண்டு நாள்கூலி 207 ரூபாய்; அதுவும் குழியின் நீள அகல ஆழத்தை டேப் பிடித்து அளந்த பிறகு. சூரத்திலும் மீட்டர் கணக்கில்தான் கூலி என்பதால், தொழில் மாறியதாகவே அவருக்குத் தோன்றியிருக்காது.

அதே ஜூனில் பஞ்சாப் விவசாயிகள் நடவுக்கு ஆள் தேடிப் பீகாருக்குப் பேருந்து அனுப்பினார்கள். ஏக்கர் கூலியையும் உயர்த்தினார்கள். ஏறிப் போனவர்கள் உண்டு. அமைச்சகத்தின் அனுமதி பெறாத வேலைவாய்ப்பு அது.

திட்டம் அக்டோபர் 22 அன்று முடிந்தது. அரசுக் கணக்கின்படி 50.78 கோடி மனித நாள் வேலை, 39,293 கோடி ரூபாய் செலவு. மீதி 10,707 கோடி எந்தக் கொட்டகையில் கட்டப்பட்டிருக்கிறது என்பதையும் தெரிவித்தால் பதிவேடு முழுமை பெறும்.