செத்துப் பிறந்திருந்தால் மாற்றித் தருவார்களாம்

எங்கள் வீட்டுக்குப் பாட்டுப் பெட்டி எது வந்தாலும் முதலில் ஒலிப்பது ராஜரத்தினம் பிள்ளையின் தோடி. டேப் ரெக்கார்டருக்கும் அதுதான் பிள்ளையார் சுழி, சி.டி. பிளேயருக்கும் அதுதான். போன மாதம் வந்த லேப்டாப்புக்கும் அதையே போட்டேன். நாகஸ்வரம் மேலே ஏறி ஒரு ஸ்வரத்தில் நின்றது. நின்ற இடத்தில் யாரோ கடுகு தாளித்தார்கள். பட். படபட. சொர்ர்ர். நான் எழுந்துபோய் அடுக்களையை எட்டிப் பார்த்தேன். அடுப்பு அணைந்திருந்தது.

விலை 72,990 ரூபாய். அதில் ஜி.எஸ்.டி. மட்டும் 11,134. அட்டைப்பெட்டியில் ஸ்பீக்கரின் பெருமையை நாலு வரிக்கு அச்சடித்திருந்தார்கள். ஸ்டூடியோ தரமாம், சினிமா கொட்டகை அனுபவமாம், செயற்கை நுண்ணறிவு ஒலியாம். கடுகைப் பற்றி மட்டும் ஒரு சொல் கிடையாது. அடக்கமானவர்கள்.

மறுநாள் காலை, வாங்கிய இணையக் கடைக்குப் போன் போட்டேன். ஏழு நாளுக்குள் மாற்றித் தருவோம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்களே, அந்த தைரியம்.

"தாராளமா மாத்திக்கலாம் சார். கம்பெனி சர்வீஸ் சென்டர்ல ஒரு டி.ஓ.ஏ. சர்டிபிகேட் மட்டும் வாங்கிக் கொடுத்திருங்க."

டி.ஓ.ஏ. என்றால் டெட் ஆன் அரைவல். ஆம்புலன்ஸில் கொண்டுவரும்போதே உயிர் போயிருந்தது என்று ஆஸ்பத்திரியில் எழுதுவார்களே, அந்தச் சொல். அங்கிருந்து எடுத்து லேப்டாப்புக்கு மாட்டிவிட்டிருக்கிறார்கள். ஆக, என் புது லேப்டாப்புக்கு நான் மரணச் சான்றிதழ் வாங்க வேண்டும். ஆனால் அது சாகவில்லையே. பொத்தானை அழுத்தினால் எரிகிறது, எழுத்து அடிக்கிறது, படம் ஓடுகிறது. தொண்டை மட்டும்தான் கெட்டிருக்கிறது. தொண்டை கெட்டதெல்லாம் சாவில் சேராது. முழுசாய்ச் செத்துப் பிறந்திருந்தால் கையோடு வேறு தருவார்கள். குறையோடு பிறந்துவிட்டால் நீங்களே வைத்து வளர்க்க வேண்டியதுதான்.

அடுத்தது கம்பெனியின் வாடிக்கையாளர் சேவை எண். தமிழுக்கு மூன்றை அழுத்தச் சொன்னது, அழுத்தினேன். இந்தி வந்தது. மறுபடி அழுத்தியதில் ஆங்கிலம் வந்தது. மூன்றாம் முறை தமிழ் பேசும் பெண்ணே வந்துவிட்டார். நல்ல பெண். சத்தத்தைக் கேட்க வேண்டும் என்றார். போனை ஸ்பீக்கர் பக்கத்தில் பிடித்தேன்.

"எனக்கு எதுவும் கேக்கலையே சார்."

எப்படிக் கேட்கும்? இன்றைய செல்போன், பேச்சு மாதிரி இல்லாத இரைச்சலையெல்லாம் வடிகட்டி எறிந்துவிட்டுத்தான் குரலை அனுப்புகிறது. என் வழக்கின் ஒரே சாட்சியை என் போனே கொன்றுவிட்டது. சரி, வீடியோ எடுத்து அனுப்புங்கள் என்றார்கள். அனுப்பினேன். மூன்று நாள் ஆலோசித்துப் பதில் எழுதினார்கள்: அந்த இரைச்சல் தங்கள் கைப்பேசியின் மைக்கில் உண்டானதாகவும் இருக்கலாம். என்ன ஒரு நியாய சாஸ்திரம்! போன் வழியே கேட்காவிட்டால் குறையே இல்லை. போன் வழியே கேட்டால் குறை போனுடையது.

நடுவில் வழக்கமான சடங்குகளும் நடந்தன. அப்டேட் பண்ணுங்க, ரீஸ்டார்ட் பண்ணுங்க, டிரைவரை எடுத்துட்டு மறுபடி போடுங்க. கடைசியில், "எல்லாத்தையும் அழிச்சிட்டு ஃபாக்டரி ரீசெட் குடுத்துருங்க சார்." மூன்று இரவு உட்கார்ந்தேன். ரீசெட் முடிந்து, "வணக்கம், உங்கள் புதிய கணினிக்கு நல்வரவு" என்று திரை சிரித்ததும் தோடியைப் போடுவேன். கடுகு வெடிக்கும். அப்போதுதான் ஒன்று உறைத்தது. சரக்கைச் சோதித்துப் பார்க்கிற ஆளுக்குக் கம்பெனி சம்பளம் தர வேண்டும். அந்த வேலையை இப்போது நான் செய்கிறேன். சம்பளம் கிடையாது, 72,990 ரூபாய் கட்டிச் சேர்ந்திருக்கிறேன்.

வீட்டுக்கு ஆள் வருவார் என்று நாள் குறித்தார்கள். எட்டாம் நாள். கடையின் கெடு ஏழு நாள், கம்பெனி ஆள் வருவது எட்டாம் நாள். இருவரும் ஒரே பஞ்சாங்கம் பார்க்கிறார்கள் போலிருக்கிறது.

வந்தவர் கேட்டார். கேட்டுவிட்டு ஒரு வார்த்தை சொன்னார் பாருங்கள், ராஜரத்தினம் பிள்ளை இருந்திருந்தால் சீவாளியைக் கழற்றி அடித்திருப்பார்.

"பாட்டுலயே இரைச்சல் இருக்கு சார். பழைய ரெக்கார்டிங்."

இருக்கிறது. இல்லை என்று யார் சொன்னது? அது அரக்குத் தட்டில் பதிந்தது. ஆனால் தட்டின் கீறல் யோக்கியமானது. தட்டு நிமிஷத்துக்கு 78 சுற்று. ஒரு கீறல் விழுந்தால் சுற்றுக்கு ஒரு தரம், தாளம் தப்பாமல் 'டிக்' என்று தலைகாட்டிவிட்டுப் போகும். எப்போது வரும் என்று தெரிந்த விருந்தாளி. லேப்டாப்பின் கடுகுக்கு அப்படி ஒழுங்கு ஏதும் கிடையாது. செய்தி வாசித்தாலும் வெடிக்கும், பேரன் பேசிய வீடியோவிலும் வெடிக்கும், ஒன்றுமே ஓடாதபோது மெயில் வந்த மணியோசையிலும் வெடிக்கும். இதையெல்லாம் போட்டுக் காட்டினேன். அவர் காதைத் தேய்த்துக்கொண்டார். "மதர்போர்டு மாத்திப் பாத்துரலாம் சார்" என்றார்.

மாற்றினார்கள். அதற்குப் பதினொரு நாள். வந்த மதர்போர்டு புதியதா என்று கேட்டேன். வாரண்டித் தாளைத் திருப்பி, எறும்பெழுத்தில் ஒரு வரியைக் காட்டினார்கள்: மாற்றும் பாகம் புதியதாகவோ புதுப்பிக்கப்பட்டதாகவோ இருக்கலாம். யாரோ ஒருவருடைய பழைய லேப்டாப்பின் ஈரல் என் புது லேப்டாப்புக்குள் போயிருக்கக்கூடும். ஸ்பீக்கரையும் மாற்றினார்கள். எல்லாம் மாறியது, கடுகு மாறவில்லை. ஜாப் ஷீட்டில் எழுதித் தந்தார்கள்: சோதித்ததில் குறை ஏதும் காணப்படவில்லை. குறையே இல்லையென்றால் எதற்கய்யா மதர்போர்டைப் பிடுங்கினீர்கள்?

இருபத்து மூன்றாம் நாள் ரிச்சி தெருவுக்குப் போனேன். மவுண்ட் ரோடிலிருந்து உள்ளே திரும்பினால் ஒயர், பேட்டரி, பிரியாணி மூன்றும் ஒரே வாசனையாக வீசுமே, அந்தத் தெருதான். மாடிப்படிக்குக் கீழே, ஆள் நிமிர முடியாத ஒரு கடை. இருபத்தைந்து வயதுத் தம்பி ஒருவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பெட்டியைத் திறக்கவே இல்லை.

முதலில் ஹெட்போனைச் சொருகிக் கேட்டார். அதிலும் வெடித்தது. "அப்போ ஸ்பீக்கர் மேல தப்பில்ல சார். ஸ்பீக்கர் கிழிஞ்சிருந்தா ஹெட்போன்ல ஏன் வரணும்?" அப்புறம் ஒரு ஊளைச் சத்தத்தை அடித்தொண்டையிலிருந்து உச்சி வரைக்கும் மெல்ல ஏற்றினார். ஸ்பீக்கர் தளர்ந்திருந்தால் ஒரு குறிப்பிட்ட இடத்தில் ஒவ்வொரு முறையும் அதிருமாம். இங்கே ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் வெடித்தது. அடுத்து ஒரு பென் டிரைவ். அதில் இருந்த லினக்ஸில் லேப்டாப்பை ஓட விட்டுத் தோடியைப் போட்டார். இருபத்து மூன்று நாளில் முதல் தடவையாகப் பிள்ளைவாள் தடங்கல் இல்லாமல் வாசித்தார். "ஹார்டுவேர் சுத்தமா இருக்கு சார். மதர்போர்டெல்லாம் எதுக்கு மாத்துனாங்க?" என்று அவர் என்னைக் கேட்டார். நான் யாரைக் கேட்பது?

விஷயத்தைப் பந்தி பரிமாறுகிற கணக்காகச் சொல்லிவிடலாம். ஒலி என்பது நொடிக்கு 48,000 துணுக்குகள். விண்டோஸ் அதைப் பொதுவாக 10 மில்லி நொடிக்கு ஒரு வாளியாக, வாளிக்கு 480 துணுக்காகக் கொண்டுபோய் ஊற்றும். இலை காலியாவதற்குள் அடுத்த வாளி வந்துவிட வேண்டும். வழியில் எவனாவது பரிமாறுகிறவன் கையைப் பிடித்து நிறுத்திக் குசலம் விசாரித்தால் இலை காய்ந்துவிடும். காய்ந்த இலையைச் சுரண்டுகிற சத்தம்தான் அந்தக் கடுகு. குசலம் விசாரிக்கிறவன் வைஃபை டிரைவராக இருக்கலாம், கிராபிக்ஸ் டிரைவராக இருக்கலாம், பேட்டரியைப் பார்த்துக்கொள்கிற ஆளாகவும் இருக்கலாம். யார் என்று கண்டுபிடிக்க லேட்டன்சிமான் என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. வீட்டு உபயோகத்துக்குக் காசு கிடையாது. தம்பி அதை ஓட விட்டார். இரண்டு நிமிஷத்தில் பட்டை சிவந்தது. ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்ததில் திருடன் அகப்பட்டான்.

யார் தெரியுமா? கம்பெனியே லேப்டாப்போடு இலவசமாகப் போட்டு அனுப்பிய ஆரோக்கியக் கண்காணிப்பாளர். பேட்டரி நலமா, விசிறி நலமா, சூடு நலமா என்று ஓயாமல் விசாரித்துக்கொண்டே இருக்கிற மென்பொருள். உடம்பு எப்படி இருக்கிறது என்று நிமிஷத்துக்கு நூறு தரம் கேட்கிற மாமியார் வாய்த்தால் எவள் தொண்டையும் கரகரக்கும். தம்பி அதை நிறுத்தினார். கடுகு நின்றது. மொத்தம் பன்னிரண்டு நிமிஷம், இருநூறு ரூபாய். டீயும் அவர் செலவு.

குறைந்துகொண்டு வந்த கோபம் எனக்கு அங்கேதான் திரும்ப ஏறியது. கம்பெனி நிபுணர்களுக்கு இது தெரியாது என்று நான் நம்பவில்லை. ஹெட்போனைச் சொருகிப் பார்க்க நிபுணன் வேண்டாம், எங்கள் தெரு இஸ்திரி வண்டிக்காரருக்கும் தோன்றும். அதைச் செய்தால் குறை மென்பொருளில் என்று தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் அது என் ஒருவன் லேப்டாப்போடு போகாது. அந்த மாடல் வாங்கிய அத்தனை பேருக்கும் அவர்கள் பதில் சொல்ல வேண்டும். மதர்போர்டு மாற்றினால் கணக்கு என் ஒருவனோடு முடிந்தது. அதனால்தான் ஈரலை மாற்றுகிறார்கள், மாத்திரை எழுத மறுக்கிறார்கள்.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019. ஐந்து லட்சம் வரையுள்ள பொருளுக்கு மாவட்ட ஆணையத்தில் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம், வக்கீல் இல்லாமல் நாமே வாதாடலாம். உதவிக்கு 1915 என்று ஒரு எண்ணும் உண்டு. மூன்று மாதத்தில் தீர்க்கப் பார்க்க வேண்டும் என்கிறது சட்டம்; பொருளைப் பரிசோதிக்க வேண்டியிருந்தால் ஐந்து மாதம். ஒரு சத்தம் கேட்கிறதா இல்லையா என்று தீர்மானிக்க ஆய்வகம்! அதுவரைக்கும் வாரண்டிக் கடிகாரம் நிற்காமல் ஓடும், அதன் ஆயுள் பன்னிரண்டே மாதம். லேப்டாப்பின் அடியில் பி.ஐ.எஸ். பதிவு எண் பளபளக்கிறதே என்றால், அது ஷாக் அடிக்காது, தீப்பிடிக்காது என்பதற்கான பதிவு. பாடும் என்று அரசாங்கம் உத்தரவாதம் தரவில்லை. நியாயம்தான், அரசாங்கம் எதைத்தான் பாடும் என்று சொன்னது?

அந்த ஆரோக்கியக் கண்காணிப்பாளர், தம்பி நிறுத்திய ஒன்பதாவது நாள் திரும்பி வந்தார். தானியங்கி அப்டேட்டில். இரவோடு இரவாக வந்து, நிறுத்தி வைத்த இடத்திலிருந்து எழுந்து, மறுபடி குசலம் விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். ஏழு நாளுக்குள் என் வீட்டுக்கு வர முடியாத கம்பெனி, என் லேப்டாப்புக்குள் நடு ராத்திரி வந்துவிட்டுப் போகிறது.

மறுபடி சர்வீஸ் சென்டர். டோக்கன் எண் 64. ஏ.சி. நன்றாக இருந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். என் வீட்டுக்கு வந்த அதே பையன் கவுண்டரில் உட்கார்ந்திருந்தார். லேட்டன்சிமான் அறிக்கையை அச்செடுத்துக் கொண்டுபோயிருந்தேன். சிவந்த வரியில் விரலை வைத்தேன். அவர் படித்தார். ஒருமுறை மேனேஜர் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"தெரியும் சார்."

"தெரியுமா? அப்புறம் ஏன்ப்பா மதர்போர்டு?"

"அது கம்பெனி சாஃப்ட்வேர் சார். எங்களுக்கு எடுக்க பர்மிஷன் இல்ல. மதர்போர்டு மாத்த பர்மிஷன் இருக்கு."

ஜாப் ஷீட்டில் குறை என்ற கட்டத்துக்கு எதிரே எதையோ தட்டினார். எட்டிப் பார்த்தேன். 'நாய்ஸ் - நார்மல்' என்று இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. ஸ்டாஃப் டிஸ்கவுண்ட்ல நானும் இதே மாடல்தான் வாங்கினேன்."

"நீ என்னப்பா பண்றே?"

"மியூட்ல போட்டு சப்டைட்டில்ல பாத்துக்குவேன் சார்."